கைகுலுக்கலில் முடியும் காதல் காட்சி: பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்களுக்கு ஓர் அறிமுகம்

லண்டன் பூங்கா ஒன்றில் திடீர் மழை. குதிரையேற்ற உடையில் இருக்கும் ஒரு பெண், பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பதற்காகக் கட்டிய மண்டபத்தில் ஒதுங்குகிறாள். அவளைச் சுற்றிச் சுற்றி வரும் ஆளும் அங்கே வந்து சேர்கிறான். ஓட்டலில் அவள் அறைக்கு நேர் மேல் அறையில் நடுராத்திரி டப் டப்பென்று ஆடி அவள் தூக்கத்தைக் கெடுத்தவன் அவன்தான். இடி இடிக்கிறது. பயமா என்று கேட்கிறான். பயமெல்லாம் இல்லை, சத்தம்தான் பிடிக்கவில்லை என்கிறாள்.

அவன் பாட ஆரம்பிக்கிறான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகம் அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த முகம் மெல்ல இளகுகிறது. பாட்டு முடிந்து அவன் சும்மா நடை போடுகிறான். அவள் எழுந்து அவனுக்குப் பின்னால் அவன் நடையையே நடந்து காட்டுகிறாள். அவன் ஓர் அடவு போட்டால் அவளும் அதைப் போடுகிறாள். அவன் இன்னொன்று போடுகிறான். அதையும் போடுகிறாள், போதாததற்கு 'இவ்வளவுதானா?' என்ற பார்வை வேறு. அப்புறம் ஒரு பெரிய இடி. இசை வேகம் பிடிக்கிறது, இருவரும் சுழல்கிறார்கள். கடைசியில் மூச்சு வாங்க மண்டபத்து விளிம்பில் உட்கார்ந்து கைகுலுக்கிக்கொள்கிறார்கள்.

1935-இல் வந்த 'டாப் ஹேட்' படத்தில் வரும் காட்சி இது. ஆடியவர்கள் ஃப்ரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும். பாட்டு இர்விங் பெர்லின் எழுதியது. முத்தம் கிடையாது, 'உன்னைக் காதலிக்கிறேன்' என்ற வசனம் கிடையாது. ஆனால் சில நிமிடங்களுக்கு முன் எரிச்சலோடு வந்து உட்கார்ந்தவள் இப்போது அவனுக்குச் சரிசமமான ஜோடி. இதைப் புரிந்துகொண்டால் இந்த வகைப் படங்களின் சூத்திரத்தில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

மியூசிகல் ரொமான்டிக் காமெடி என்று இதைச் சொல்வார்கள். 1930களின் தொடக்கத்திலிருந்து 1950களின் கடைசிவரை ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் இந்த வகைப் படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளின. கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஓர் ஆண், ஒரு பெண், முதல் சந்திப்பில் மோதல், நடுவில் ஒரு குழப்பம், முடிவில் கல்யாணம். இந்தக் கதைக்காக யாரும் டிக்கெட் எடுக்கவில்லை. அந்த மோதல் எப்படிக் காதலாகிறது என்பதைப் பாட்டும் நடனமும் எப்படிச் சொல்கின்றன என்று பார்க்கத்தான் கூட்டம் வந்தது.

பாட்டோடு படம் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. 'நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஏன் திடீரென்று பாடுகிறார்கள்?' என்று நாம் கேட்கமாட்டோம். நமக்கு விநோதமாகத் தோன்றக்கூடியது வேறு: பாட்டு ஆரம்பித்த பிறகும் அவர்கள் அதே இடத்தில், அதே உடையில் இருக்கிறார்கள்! மலை, அருவி, ஆறு வண்ணப் புடவை எதுவும் வருவதில்லை. மழைக்கு ஒதுங்கிய மண்டபத்திலேயே பாட்டு, அங்கேயே ஆட்டம், முடிந்ததும் அங்கிருந்தே கதை தொடர்கிறது. பாட்டு தொடங்கும்போது எங்கே நின்றார்களோ, முடியும்போது மனதளவில் அங்கே இருக்கமாட்டார்கள். எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தால் கதையில் ஒரு படி விட்டுப்போகும்.

இந்த உத்தி ஒரே நாளில் கைவந்ததல்ல. 1927-இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து சினிமா பேச ஆரம்பித்ததும் எல்லா ஸ்டூடியோக்களும் பாட்டுப் படத்தில் குதித்தன. 1929-இல் வந்த 'தி பிராட்வே மெலடி' சிறந்த படத்துக்கான ஆஸ்கரையே வாங்கியது. அடுத்த ஓரிரு வருடங்களில் வந்து குவிந்த படங்களில் பல, மேடை நிகழ்ச்சியை அப்படியே கேமராவில் பிடித்து வைத்தவை. ஜனங்களுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது.

அந்தக் காலத்தில் பாட்டைக் கதைக்குள் கொண்டுவர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாத்திரங்களையே மேடைக் கலைஞர்களாக்கிவிடுவது. நாடகக் குழு, ஒத்திகை, முதல் காட்சி நாளில் கதாநாயகிக்குக் கால் சுளுக்கு, கோரஸில் நின்ற பெண்ணுக்கு வாய்ப்பு என்று போகும். 1933-இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த '42ஆம் தெரு' இந்த ரகம். அதில் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி நடனப் பெண்களைக் கோலம் போல அடுக்கி உச்சியிலிருந்து படமெடுத்தார். பிரமாதமான காட்சிகள்தான், ஆனால் அந்தப் பாட்டுகளில் காதல் வளர்வதில்லை. இன்னொரு வழி ஐரோப்பிய ஆபரெட்டா, அதாவது லேசான இசை நாடகப் பாணி. இளவரசி, அரண்மனை, சீமான், கொஞ்சம் குறும்பு. இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1929-இல் 'தி லவ் பரேட்' எடுத்தது இப்படித்தான்.

இந்த இரண்டாவது வழியில் வந்த ஒரு படத்தை விட்டுவிட மனமில்லை. ரூபன் மமூலியன் இயக்கி 1932-இல் வந்த 'லவ் மீ டுநைட்'. பாரிஸில் ஒரு தையல்காரர் தன் கடையில் ஒரு காதல் பாட்டைப் பாடுகிறார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் அதை முணுமுணுத்தபடி தெருவுக்குப் போகிறார். அவரிடமிருந்து டாக்ஸி டிரைவர் பிடித்துக்கொள்கிறார். டாக்ஸியில் ஏறுபவர் ஓர் இசையமைப்பாளர், அவர் ரயிலில் உட்கார்ந்து அதற்கு வார்த்தை கோக்கிறார். கூட வரும் சிப்பாய்கள் அதைக் கேட்டு, அணிவகுத்துப் போகும்போது பாடுகிறார்கள். வழியில் ஒரு நாடோடி அதைக் கேட்டுத் தன் கூடாரத்துக்கு ஓடி வயலினில் வாசிக்கிறான். தொலைவில் ஒரு மாளிகையின் மாடத்தில் நிற்கும் இளவரசியின் காதில் அது விழுகிறது, அவளும் பாடுகிறாள். தையல்காரரும் இளவரசியும் ஒருவரை ஒருவர் இன்னும் பார்க்கவேயில்லை! அதற்குள் பார்க்கிற நமக்கு இவர்கள்தான் ஜோடி என்று முடிவாகிவிடுகிறது. வசனத்தால் இதைச் செய்ய அரை மணி நேரமாவது வேண்டும்.

சரி, அஸ்டேர்–ராஜர்ஸ் ஜோடிக்கு வருவோம். 1933-இல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ எடுத்த 'ஃபிளையிங் டவுன் டு ரியோ' படத்தில் இவர்கள் கதாநாயகன், கதாநாயகி இல்லை. பெயர்ப் பட்டியலில் ராஜர்ஸுக்கு நான்காம் இடம், அஸ்டேருக்கு ஐந்தாம் இடம். ஒரே ஒரு நடனம் சேர்ந்து ஆடினார்கள். படம் முடிந்து போன ரசிகர்களுக்கு நாயகனும் நாயகியும் நினைவில் இல்லை, இவர்கள்தான் நின்றார்கள். 1939-க்குள் இருவரும் அதே ஸ்டூடியோவுக்கு மொத்தம் ஒன்பது படங்கள் செய்தார்கள். பத்தாவது படம் பத்து வருடம் கழித்து 1949-இல் எம்.ஜி.எம்.மில், அதுவும் வண்ணத்தில்.

அவர்கள் புகழ் உச்சியில் இருந்த வருடங்களில் அமெரிக்காவில் இரண்டு விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒன்று, 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம். வேலை போய், கையில் காசு இல்லாத ஜனங்களுக்கு வெள்ளை சாட்டின் திரைகளும் பளபளக்கும் தரைகளும் இரண்டு மணி நேரம் வாழ்ந்து பார்க்கக் கிடைத்த வேறொரு உலகம். 'டாப் ஹேட்' காட்டும் வெனிஸ் நகரம் முழுக்க முழுக்க ஸ்டூடியோவில் போட்ட செட். அசல் வெனிஸைப் போல இருக்கவேண்டும் என்ற எண்ணமே அதைப் போட்டவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று தணிக்கை. 1934-இன் நடுவிலிருந்து ஹாலிவுட்டின் தயாரிப்பு ஒழுக்க விதிகள் கறாராக அமலுக்கு வந்தன. நீண்ட முத்தம், படுக்கையறை நெருக்கம், இரட்டை அர்த்த வசனம் எல்லாவற்றுக்கும் கத்தரி. காதல் படம் எடுக்கவேண்டும், ஆனால் காதலர்கள் தொடவும் கூடாது என்றால் என்ன செய்வது?

ஆடவிடலாம். நடனத்தில் இடுப்பைப் பிடிக்கலாம், சாயலாம், விலகி ஓடலாம், மறுபடி இழுத்து அணைக்கலாம். தணிக்கைக்காரர் எதைப் பிடிப்பார்? அந்த ஜோடியின் படங்களில் முத்தம் அபூர்வம். 1938-இல் வந்த 'கேர்ஃப்ரீ'யில் ஒரு முத்தம் உண்டு, அதுவும் கனவில் வரும் ஸ்லோமோஷன் நடனத்தின் முடிவில். மற்ற இடங்களில் முத்தம் செய்யவேண்டிய வேலையை நடனம் செய்தது.

நகைச்சுவை எங்கே வருகிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் குழப்பத்திலிருந்து. 'டாப் ஹேட்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகனை, தன் தோழியின் கணவன் என்று தவறாக நினைத்துக்கொள்கிறாள் நாயகி. 'உங்கள் பேர் என்ன?' என்று ஒரு தடவை கேட்டிருந்தால் படம் சீக்கிரமே முடிந்திருக்கும். யாரும் கேட்பதில்லை. கதை அசட்டுத்தனமாக இருக்கிறது என்று விமர்சிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அந்த அசட்டுத்தனம் கணக்குப் போட்டுச் செய்தது என்றே படுகிறது. மூளையால் பிரிந்து நிற்பவர்களைக் கால்கள் சேர்த்துவைக்க வேண்டும், அதற்கு ஒரு தடை வேண்டும். அந்தத் தடை உண்மையான துயரமாக இருந்தால் சிரிக்க முடியாது. ஆகவே ஒரு பெயர்க் குழப்பம்.

அந்தக் குழப்பம் பலன் தரும் இடம் வெனிஸ் நடனக் காட்சி. நாயகன் உண்மையில் தோழியின் கணவனுடைய நண்பன், அவனை நாயகிக்குக் கட்டிவைக்கத் தோழி துடிக்கிறாள். நாயகியோ அவனையே தோழியின் கணவன் என்று நம்புகிறாள். இருவரும் ஆடத் தொடங்குகிறார்கள். மேசையில் உட்கார்ந்திருக்கும் தோழி, 'இன்னும் நெருங்கி ஆடுங்கள்' என்று கையால் சைகை காட்டுகிறாள். தன் புருஷனோடு நெருங்கி ஆடச் சொல்லும் பெண்டாட்டி! நாயகிக்குத் தலை சுற்றுகிறது. சரி, அவளுக்கே கவலையில்லை என்றால் எனக்கென்ன என்று முடிவெடுத்துச் சாய்கிறாள். அங்கிருந்து சிரிப்பு மெல்ல அடங்கி, ஆளில்லாத ஒரு வெள்ளை முற்றத்துக்கு இருவரும் ஆடியபடியே நகர்கிறார்கள். சிரித்துக்கொண்டிருந்த நாம் எந்த நொடியில் சிரிப்பை நிறுத்தினோம் என்று சொல்ல முடியாது.

இந்தக் காட்சியில் ஜிஞ்சர் அணிந்திருந்த உடை முழுக்க இறகு. ஒவ்வொரு சுழற்சிக்கும் இறகு பறந்து அஸ்டேரின் மூக்கில் ஏறியது, அவருக்குக் கோபம் தலைக்கேறியது. ஜிஞ்சர் உடையை மாற்ற மறுத்துவிட்டார். இப்போதும் படத்தை உற்றுப் பார்த்தால் இறகுகள் உதிர்ந்து மிதப்பது தெரியும். அப்புறம் 'இறகு' என்பதே அவருக்கு அஸ்டேர் வைத்த செல்லப்பெயர் ஆனது.

அஸ்டேருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஆடும்போது தலை முதல் கால்வரை முழு உடம்பும் திரையில் தெரியவேண்டும், முடிந்தவரை வெட்டே இல்லாமல் ஓடவேண்டும். முகத்துக்கு ஒரு குளோசப், காலுக்கு ஒரு குளோசப் என்று ஒட்டுப்போட்டால் யார் வேண்டுமானாலும் ஆடியதாகக் காட்டிவிடலாம். அவர் அந்த வழிக்கே போகவில்லை. நடன அமைப்பாளர் ஹெர்மிஸ் பானோடு வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார். 1936-இல் வந்த 'ஸ்விங் டைம்' படத்தின் கடைசி நடனத்துக்கு 47 டேக் ஆனது என்றும், முடியும்போது ஜிஞ்சரின் காலில் ரத்தம் வந்தது என்றும் சொல்வார்கள். திரையில் பார்த்தால் இருவரும் தற்செயலாக ஆடிவிட்ட மாதிரி இருக்கும்.

அதே 'ஸ்விங் டைம்' படத்தில், பாட்டு எப்படிக் கதையை நகர்த்துகிறது என்பதற்குப் பாடப்புத்தகம் போல ஒரு காட்சி இருக்கிறது. நாயகி நடனப் பள்ளி ஆசிரியை. நாயகன் கைதேர்ந்த நடனக்காரன், ஆனால் அவளோடு பழகுவதற்காக ஆடவே தெரியாதவன் போல வந்து சேர்கிறான். தடுக்கி விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான். பொறுமை இழந்த அவள், உனக்கு யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது என்று சொல்லிவிடுகிறாள். அது முதலாளியின் காதில் விழுந்து, அங்கேயே அவளுக்கு வேலை போகிறது. உடனே அவன் முதலாளியை நிறுத்தி, இவர் எனக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்திருக்கிறார் பாருங்கள் என்று அவள் கையைப் பிடித்துக் களத்தில் இறங்குகிறான். அவன் கால் பறக்கிறது. அவள் முகத்தைப் பாருங்கள். முதலில் திகைப்பு, அடுத்து 'அடப்பாவி, ஏமாற்றினாயா' என்ற புரிதல், அதற்கடுத்து அப்பட்டமான சந்தோஷம். எல்லாம் ஆடிக்கொண்டே, ஓர் அடியும் பிசகாமல். பொய், வேலையிழப்பு, மன்னிப்புக் கேட்பது, மன்னிப்பது, காதலின் முதல் துளி, இத்தனையும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. பேசுவது மிகக் குறைவு.

1940களில் மையம் எம்.ஜி.எம். ஸ்டூடியோவுக்கு நகர்ந்தது. பாடலாசிரியராக இருந்து தயாரிப்பாளரான ஆர்தர் ஃப்ரீட் தன்னைச் சுற்றி ஒரு பெரிய குழுவைச் சேர்த்துக்கொண்டார். இயக்குநர் வின்சென்ட் மின்னெல்லி, ஜூடி கார்லண்ட், ஜீன் கெல்லி எல்லாரும் அந்தக் கூடாரத்தில் இருந்தார்கள். டெக்னிகலர் வண்ணமும் வந்தது. மேடையும் அரண்மனையும் இல்லாமல், ஒரு சாதாரண வீட்டுக் கூடத்திலும் டிராம் வண்டியிலும் பாட்டை வைக்க முடியும் என்று 1944-இல் 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' காட்டியது.

இந்தக் காலத்துப் படங்களில் கவனிக்கவேண்டியது, பேச்சு எந்த நொடியில் நடனமாகிறது என்பது. மின்னெல்லி 1953-இல் எடுத்த 'தி பேண்ட் வேகன்' அதற்கு நல்ல உதாரணம். அஸ்டேர் ஒரு பழைய சினிமா நடனக்காரர், சிட் சரிஸ் பாலே நடனக்காரி. ஒரே நாடகத்தில் ஆடவேண்டும், ஆனால் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் பயம். சேர்ந்து ஆட முடியுமா என்ற கேள்வியோடு குதிரை வண்டியில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்குப் போகிறார்கள். அங்கே ஜனங்கள் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள், அவர்களைத் தாண்டி நடக்கிறார்கள். ஆளில்லாத வெளி வருகிறது. பேச்சில்லை. நடையிலேயே ஒரு தாளம் சேர்கிறது. அவள் லேசாக ஒரு கால் வீசுகிறாள், அவர் பதில் சொல்கிறார். எது கடைசி நடை, எது முதல் அடவு என்று பிரிக்கவே முடியாது. பாடல் வரி ஒன்றுகூட இல்லை. முடிந்ததும் அதே தாளத்தில் வண்டியில் ஏறி உட்கார்கிறார்கள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

1952-இல் வந்த 'சிங்கிங் இன் தி ரெயின்' பற்றிச் சொல்லாமல் இந்த அறிமுகம் முடியாது. ஜீன் கெல்லி மழையில் குடையோடு ஆடும் காட்சி எல்லாருக்கும் தெரியும். அதே படத்தில் எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. ஒரு சினிமா நட்சத்திரம் புதுமுகப் பெண்ணிடம் காதலைச் சொல்லவேண்டும். சரியான பின்னணி இல்லாமல் தனக்குப் பேச வராது என்கிறான். ஆளில்லாத படப்பிடிப்புத் தளத்துக்கு அவளைக் கூட்டிப்போகிறான். ஒரு சுவிட்சைப் போட்டால் அந்திவானம். இன்னொன்றைத் தொட்டால் மூடுபனி. அவளை ஓர் ஏணியில் ஏற்றி, அதுதான் மாடம் என்கிறான். நிலவொளிக்கு ஒரு விளக்கு, தென்றலுக்கு ஒரு பெரிய மின்விசிறி. எல்லாம் போலி என்று நம் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, அதற்கப்புறம் பாட ஆரம்பிக்கிறான். காதல் மட்டும் நிஜமாக இருக்கிறது! இந்த வகைப் படங்களின் கவர்ச்சி என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன். செட் என்பதை அவர்கள் மறைப்பதில்லை. மறைக்காததால்தான் நாம் நம்புகிறோம்.

இதே படத்தில் ஒரு கூத்தும் உண்டு. கதைப்படி, குரல் சரியில்லாத நட்சத்திர நடிகைக்கு டெபி ரெனால்ட்ஸ் நடித்த பாத்திரம் திரைக்குப் பின்னால் குரல் கொடுக்கிறது. நிஜத்தில், அந்த இடத்தில் டெபிக்காகப் பாடியவர் பெட்டி நாய்ஸ் என்ற பின்னணிப் பாடகி. பேசும் குரலோ, குரல் சரியில்லாதவராக நடித்த ஜீன் ஹேகனுடைய சொந்தக் குரல்.

குறைகளையும் சொல்லவேண்டும். 'வேண்டாம்' என்று சொன்ன பெண்ணை விடாமல் துரத்துவதுதான் பல கதைகளுக்கு அடிப்படை, இன்று பார்த்தால் நெருடும். 1957-இல் வந்த 'ஃபன்னி ஃபேஸ்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்கு ஜோடி அஸ்டேர். இருவருக்கும் முப்பது வயது வித்தியாசம். 'ஸ்விங் டைம்' படத்தில் அஸ்டேர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி ஆடும் ஒரு நடனம் இருக்கிறது. கறுப்பினக் கலைஞர் ஒருவருக்கு மரியாதை செலுத்துவதாகத்தான் அதைச் செய்தார்கள், இருந்தாலும் பார்க்கச் சங்கடமாகவே இருக்கிறது. அதைவிட மோசமான அநியாயம் கண்ணுக்குத் தெரியாதது. லீனா ஹார்ன் போன்ற கறுப்பினப் பாடகிகளின் பாட்டுகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்தார்கள், தென் மாநிலத் தியேட்டர்களில் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட வசதியாக. பாட்டுதான் கதை என்று பெருமைப்பட்ட ஒரு கலை, சிலருடைய பாட்டை மட்டும் கதைக்கு வெளியிலேயே நிறுத்திவைத்தது.

1950களின் பிற்பகுதியில் இந்த வகை அடங்கத் தொடங்கியது. டிவி வீட்டுக்குள் வந்தது, இளைஞர்கள் ராக் அண்ட் ரோல் பக்கம் போனார்கள். 1948-இல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஸ்டூடியோக்களை அவற்றின் சொந்தத் தியேட்டர்களிலிருந்து பிரித்தது. இசைக்குழு, நடனக்குழு, தையற்கூடம் எல்லாரையும் மாதச் சம்பளத்தில் வைத்திருந்தால்தான் இப்படிப்பட்ட படங்களை வரிசையாக எடுக்க முடியும். அந்த ஏற்பாடு கலைந்தது. 1964-இல் பிரான்சில் இயக்குநர் ஜாக் டெமியும், 2016-இல் 'லா லா லேண்ட்' எடுத்தவர்களும் அந்தப் பாணியைத் தேடிப் போனார்கள். ஆனால் அவர்கள் காதலர்களைச் சேர்த்துவைக்கவில்லை.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தில் தொடங்கலாம். வண்ணம், வேகம், சிரிப்பு எல்லாம் இருப்பதால் பழைய படம் என்ற எண்ணமே வராது. அடுத்து 'டாப் ஹேட்'. 'ஸ்விங் டைம்' மூன்றாவது. தொடக்கம் கொஞ்சம் இழுக்கும், நடனப் பள்ளிவரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்கர் வாங்கியதே என்று 'அன் அமெரிக்கன் இன் பாரிஸ்' படத்தில் ஆரம்பிக்க வேண்டாம். அதன் கடைசியில் வரும் பதினேழு நிமிட பாலே, இந்த வகை பழகிய பிறகு பார்க்கவேண்டியது. வசனம் புரிய சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், பாட்டு வந்ததும் அதை எடுத்துவிடுங்கள். பாடுகிறவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பாருங்கள். கதை அங்கேதான் நடக்கிறது.